புளியங்கொட்டை மாவும் ஒரு கையெழுத்தும்

அத்தியாயம் 11

எழுபத்தைந்தாவது நாள் வெள்ளிக்கிழமையாக வந்து சேர்ந்தது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ் எல்லாவற்றிலும் கூட்டம். மறுநாள் புரட்டாசிச் சனி. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டியுள்ள திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே பையும் துளசி மாலையுமாகக் கிளம்பியிருந்தார்கள். ஏட்டு சேதுபதி சீருடை போடாமல் வேட்டி சட்டையில் படிக்கட்டை ஒட்டி நின்றான். நான்கு வரிசை தள்ளி அவனுடைய அக்காள் புருஷன் கண்ணுச்சாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலியானபோது அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பையை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டார்.

இரண்டரை மாதமாக இரண்டு பேருக்கும் இப்படித்தான் போகிறது. கதையை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக, நடந்ததை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடலாம்.

சேதுபதியின் அக்கா பரிபூரணம், செட்டியார்பட்டியில் சுயம்புலிங்கம் என்பவரின் பேண்டேஜ் துணித் தறிக்கூடத்தில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறவள். நூல் தறியில் அறாமல் இருப்பதற்காகப் போடுகிற கஞ்சி அது. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்த மாவில் காய்ச்சுவார்கள். ஆடி பிறந்த மூன்றாம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு தறிக்காரருக்கு மாதிரி காட்டச் சொல்லி முதலாளி அவளிடம் ஒரு கிலோ மாவைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

செங்கோட்டை ரயிலில் போதைப் பொடி வருவதாக யாரோ கொடுத்த தகவலில், அன்றைக்கு ஒரு தனிப்படை ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் பரிபூரணத்தின் பையையும் திறந்தார்கள். பழுப்பு நிறத்தில் பொடி. பெயர்ச்சீட்டு கிடையாது. பிரவுன் சுகர் என்று எழுதி, அவளைக் கிளைச் சிறையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

சுயம்புலிங்கம் ஓடிவந்து, அது தன் கூடத்து மாவுதான் என்று சொல்லிப் பார்த்தார். "அப்ப நீரும் இதுல கூட்டாளியா?" என்று தனிப்படை இன்ஸ்பெக்டர் கேட்டார். அதோடு சுயம்புலிங்கம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

செட்டியார்பட்டியில் பாதிப் பேருக்கு அது என்ன பொருள் என்றே விளங்கவில்லை. "சுகர்னா சீனிதான? கருப்பட்டி வச்சிருந்ததுக்கா பிடிச்சிட்டுப் போனாக?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். விளங்கியவர்கள், கண்ணுச்சாமி எதிரே வந்தால் சைக்கிளை வேறு தெருவில் திருப்பினார்கள். ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷமாக ஆட்களை வேலை வாங்குகிற ஜாபராக இருந்த மனுஷன். அவருடைய கோபமெல்லாம் மச்சினன் மேல்தான் திரும்பியது. போலீசில் ஏட்டாக இருக்கிற தம்பி, சொந்த அக்காவை வெளியே கொண்டுவர முடியவில்லை என்றால் அந்தக் காக்கிச் சட்டை எதற்கு? அன்றிலிருந்து அவர் அவனை 'மாப்ளே' என்று கூப்பிடுவதை விட்டார். ஊரார் மாதிரி 'ஏட்டையா' என்றார்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அது சேதுபதிக்கும் பரிபூரணத்துக்கும் மட்டும் தெரியும். இன்றைக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்று சேதுபதி வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தான். பஸ் மம்சாபுரம் விலக்கைத் தாண்டியும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

*

கோர்ட்டில் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை காவலை நீட்டிப்பதற்காக அவளைக் கொண்டுவருவது வழக்கம். ஐந்தாவது தடவையாக இன்றைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பெண் காவலருக்குப் பக்கத்தில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். ஆனால் தலையை நன்றாக வாரி முடிந்திருந்தாள். தம்பியையும் புருஷனையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு நீதிபதியின் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சென்னை ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்திருந்தது. அவர்களுடைய வக்கீல் தனுஷ்கோடிக்கு முந்தின வாரமே அது தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது. நீதிபதி உறையைப் பிரித்து வாசித்தார். வாசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"விதையிலிருந்து எடுக்கப்பட்ட மாவுப்பொருள். போதைப்பொருள் எதுவும் காணப்படவில்லை," என்று சத்தமாகச் சொன்னார். அரசு வக்கீலைப் பார்த்தார். "இதுக்கு மேல உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கா?"

"இல்லைங்கய்யா. விடுவிக்கிறதுல ஆட்சேபணை இல்லை."

தனிப்படை இன்ஸ்பெக்டர் வந்திருக்கவில்லை. அவர் சார்பில் வந்திருந்த காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி பேனாவை எடுத்தார். எழுதத் தொடங்குவதற்கு முன்னால் நிமிர்ந்து, "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

பரிபூரணம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அந்த மாவு எங்க மொதலாளி மாவுங்கய்யா. அவுக என்ன நம்பிக் குடுத்துவிட்டது. அதத் திருப்பித் தருவாகளா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "சோதனைக்கு எடுத்தது போக மிச்சம் இருக்கும். மனுப் போட்டு வாங்கிக்கலாம்."

"அதுக்கு எம்புட்டு நாளாகும்ங்கய்யா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

*

விடுதலை உத்தரவை டைப் அடித்து, கையெழுத்தாகி, முத்திரை வைத்துச் சிறைக்குப் போக வேண்டும். டைப்பிஸ்ட் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணியாகும் என்றார் வக்கீல்.

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் கண்ணுச்சாமி போய் உட்கார்ந்தார். சேதுபதி தயங்கிக்கொண்டு பின்னால் போனான்.

"ஏட்டையா டீ குடிப்பீகளா?"

"குடிக்கேன் மச்சான்."

"ரெண்டு டீ போடுப்பா," என்றார் கடைக்காரரிடம். முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "இன்னைக்கு எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. உங்க மேலயும் இல்ல. நீங்க என்ன செய்வீக, உங்களுக்கு மேல இருக்கவன் சொல்லுததக் கேக்கணும். ஆனா ஒருத்தன மட்டும் நான் விடுததா இல்ல."

"யார மச்சான்?"

"அவகிட்ட கையெழுத்து வாங்குனவன. ரெண்டு தடவ ஜாமீன் கேட்டோம். ரெண்டு தடவையும் அந்தத் தாளத் தூக்கிக் காட்டித்தான தள்ளுபடி பண்ண வச்சாக? 'என் வசமிருந்த பிரவுன் சுகர்'னு அதுல இருக்காம். அந்த வார்த்தையே அவளுக்குத் தெரியாது. அடிச்சுத்தான் வாங்கியிருக்கான். நான் எத்தன தடவ கேட்டுட்டேன், வாயத் தொறக்க மாட்டேங்கா. அம்புட்டுப் பயம் காட்டி வச்சிருக்கானுக."

சேதுபதி டம்ளரைப் பெஞ்சில் வைத்தான்.

"அடிக்கல மச்சான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்க இருந்தேன்."

கண்ணுச்சாமி அவனைப் பார்த்தார். சேதுபதி ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

அன்றைக்கு மத்தியானம் அவனுடைய ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. உன் அக்காவை இங்கே உட்கார வைத்திருக்கிறோம் என்றார்கள். கிடைத்த லாரியில் ஏறிப் போனான். இன்ஸ்பெக்டருக்கு சல்யூட் அடித்துவிட்டு நின்றான். "உங்க அக்காவாய்யா? ஒண்ணும் இல்ல, பொருளை எடுத்ததுக்கு ஒரு கையெழுத்து. போட்டுட்டா சாயங்கால பஸ்ஸுக்கு விட்டுரலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். மேஜையில் எழுதி முடித்த தாள் இருந்தது. பரிபூரணம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தாளைக் கையில் எடுத்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் இருந்தபோது சேதுபதி குனிந்து, "நீ வாசிச்சு முடிக்கதுக்குள்ள பொழுது விழுந்துரும்க்கா. போடு. நான்தான் இருக்கேன்ல," என்றான்.

அவள் போட்டாள்.

"நான் அதை வாசிச்சுப் பாக்கல மச்சான்," என்றான் சேதுபதி. "கைய நீட்டி வாங்கியிருந்தா தந்திருப்பாக. வாங்கல. அவிய அதிகாரி. சொன்னாக, நம்புனேன். என்ன ஏதுன்னு யோசிக்கவே இல்ல. நானும் ஸ்டேஷன்ல எத்தனையோ பேருகிட்ட இதே மாதிரித்தான் சொல்லியிருக்கேன். பதினேழு வருஷமா. போடுய்யா, ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குப் போகலாம்னு."

டீக்கடை ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுச்சாமி அவனை அடித்துவிடுவார் என்றுதான் சேதுபதி எதிர்பார்த்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தான்.

"அவகிட்ட நீ சொன்னியா, எங்கிட்டச் சொல்லாதன்னு?"

"இல்ல மச்சான். அப்படி ஒண்ணும் அவகிட்டச் சொல்லல."

"பொறவு ஏன் அவ எங்கிட்டச் சொல்லல?"



கண்ணுச்சாமி எழுந்தார். கடைக்காரரிடம் கணக்கை முடித்துவிட்டு ரோட்டைக் கடந்து, கோர்ட் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் போய்த் தனியாக நின்றார். அங்கிருந்து சிறைக் கதவு தெரியாது. ஆனாலும் அந்தத் திசையைப் பார்த்தபடி நின்றார். சேதுபதி மூன்று மணி வரை பெஞ்சை விட்டு எழவில்லை.

*

மூன்றேமுக்காலுக்கு அவளை வெளியே விட்டார்கள்.

கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு சேலை, சீப்பு, அலுமினிய டம்ளர். வாசலைத் தாண்டி வந்ததும், வெயிலில் கண் கூசியதோ என்னவோ, செத்த நேரம் நெற்றியில் கை வைத்து நின்றாள். கண்ணுச்சாமி பையை வாங்கிக்கொண்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

பத்தடி தள்ளி நின்ற தம்பியை அவள் பார்த்தாள். மறுபடி புருஷனைப் பார்த்தாள்.

"சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான்."

"சரி வாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். பக்கத்தில் கண்ணுச்சாமி. பின் சீட்டில் சேதுபதி. வண்டி ஊரைத் தாண்டியது. மேற்கே மலை மீது மேகம் இறங்கியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பேச்சிமுத்துக்கு என்னன்னு எழுதுனீக?" என்று கேட்டாள். பட்டாளத்தில் இருக்கிற மகன். ஜம்முப் பக்கம் இருந்தான்.

"கஞ்சி கொட்டிக் கைய சுட்டுக்கிட்டன்னு எழுதுனேன். அதனால நான் எழுதுதேன்னு."

"ரெண்டர மாசமாவா ஆறாம இருக்கு?"

"அவனும் அதத்தான் கேட்டு எழுதியிருக்கான்."

அவள் சிரித்தாள். பல்லில் ஒன்று விழுந்திருந்ததை அப்போதுதான் சேதுபதி கவனித்தான். உள்ளே இருந்தபோது வலித்து, அங்கேயே பிடுங்கிப் போட்டதாகப் பிறகு சொன்னாள். சிரிப்பு நின்றதும், "இனிமே நானே எழுதிக்கிடுதேன். உள்ளதை எழுதுதேன்," என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணுச்சாமி குரலை இறக்கிக் கேட்டார். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே நீங்க இவன வெட்டியிருப்பீக. பொறவு ரெண்டு பேரும் உள்ள இருந்திருப்போம். பேச்சிமுத்துக்கு யாரு எழுதுவா?"

*

செட்டியார்பட்டியில் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது தெருவில் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் அதில் இருந்தார்கள். அவள் எல்லோரையும் பொதுவாக விசாரித்தாள். யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சேதுபதி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"ஏலே, உள்ள வந்து உக்காரு. நின்னுக்கிட்டு இருந்தா போலீஸ் வந்த மாதிரி இருக்கு."

அவன் உட்கார்ந்தான். கண்ணுச்சாமி பின்வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"வக்கீலய்யா காலைலயே கேட்டாரு," என்றாள் பரிபூரணம். "விடுதலையானா அந்த இன்ஸ்பெக்டர் மேல மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போடுதியான்னு. போடுதேன்னுட்டேன். ஆனா சாட்சி வேணுமாம். அந்தத் தாளு நான் போறதுக்கு முந்தியே எழுதி முடிஞ்சிருந்துச்சு, என்ன வாசிக்க விடலன்னு கண்ணால பாத்தவுக சொல்லணுமாம். அந்த ரூம்புல இருந்தது அம்புட்டுப் பேரும் அவன் ஆளு. நீ ஒருத்தன்தான் வெளியாளு."

சேதுபதி தரையைப் பார்த்தான்.

"அந்த இன்ஸ்பெக்டர் மேல மட்டும் இல்லடா. வாசிக்காம போடுன்னு சொன்னது யாருன்னு கேட்டா, நீதான்னு நீயே சொல்லணும். அதையும் யோசிச்சுக்கோ. உள்ள என்கூட மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. அவளும் வாசிக்காமத்தான் போட்டிருக்கா. என்ன எழுதியிருக்குன்னு இன்னும் தெரியாது அவளுக்கு. கேக்க நாதி இல்ல. எனக்காவது பக்கத்துல தம்பி நின்னான்."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் அதற்கு மேல் உட்கார முடியாமல் எழுந்தான்.

"சொல்லுதேன்க்கா," என்றான். "எங்க வந்து சொல்லணுமோ அங்க வந்து சொல்லுதேன்."

"இப்பச் சொல்லாத."

"இல்லக்கா, நான்..."

"இப்பச் சொல்லாதன்னேன். நீ எதையும் சட்டுனு சொல்லிருத ஆளு. வீட்டுக்குப் போ. செல்லத்தாய்கிட்டக் கேளு. அவளும் பிள்ளைகளும் உன் சம்பளத்துலதான் சாப்பிடுதாக. ரெண்டு நாள் டூட்டிக்குப் போ. அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு நின்னு பாரு. அதுக்குப் பொறவும் சொல்லணும்னு தோணுச்சுன்னா வா. தோணலன்னாலும் வா. உனக்கு இந்த வீட்ல சோறு உண்டு. ஆனா பொய்யா ஒரு ஆமாம் மட்டும் எனக்கு வேண்டாம்."

கண்ணுச்சாமி பின்வாசலில் வந்து நின்றிருந்தார். அவனை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

*

ராஜபாளையத்தில் போலீஸ் குடியிருப்புக்கு அவன் வந்து சேர்ந்தபோது ஏழு மணி. முன் அறையில் விளக்கு எரிந்தது. செல்லத்தாய் கதவைத் திறந்ததும் அவன் முகத்தைப் பார்த்து, "மதினி வந்துட்டாகள்ல?" என்று கேட்டாள்.

"வந்துட்டா."

"நல்லாருக்காகளா?"

"இருக்கா."

மேஜையில் பால்கோவாப் பெட்டி ஒன்று இருந்தது. கட்டிய நூல் பிரிக்கப்படாமல் இருந்தது. பிள்ளைகள் இரண்டும் அதற்கு இரண்டு பக்கமும் நின்றன.

"யாரு கொண்டுவந்தா?"

"உங்க ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் இல்ல, அந்தத் தனிப்படை இன்ஸ்பெக்டரு. அவியளே வந்திருந்தாக. ஜீப்ப வெளிய நிறுத்திட்டு உள்ள வந்து உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போறாக." செல்லத்தாயின் குரலில் பெருமையும் பயமும் சரிபாதியாக இருந்தன. "மதினி வெளிய வந்தது ரொம்ப சந்தோசமாம். இதை அவுக வீட்டுக்குக் குடுக்கச் சொன்னாக. எஸ்.ஐ. ப்ரமோஷன் லிஸ்ட்ல உங்க பேரு வந்திருக்காம், அதையும் சொன்னாக. காலைல டூட்டிக்குப் போறதுக்கு முந்தி உங்களை ஒரு எட்டு வந்து பாக்கச் சொன்னாக. ஏதோ ஒரு கையெழுத்தாம்."

சேதுபதி அந்தப் பெட்டியைப் பார்த்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடை ஒன்றின் பெயர் அச்சடித்திருந்தது. மத்தியானம் அவன் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அதே ரோட்டில் எங்கோ ஒரு கடையில் இதைக் கட்டி வாங்கியிருக்க வேண்டும்.

"என்ன கையெழுத்துன்னு சொன்னாரா?"

"அதெல்லாம் எங்கிட்டச் சொல்லுவாகளா? ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு தாளுன்னாக." அவள் நூலைப் பிரிக்கக் கை வைத்தாள். "பிள்ளைகளுக்கு ஒரு வாய் குடுத்துட்டுக் கட்டி வைக்கேன்."

"பிரிக்காத."

"ஏன்?"

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே தரையில் உட்கார்ந்தான். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னான்.

"ஏட்டி, செத்த இங்க வந்து உக்காரு," என்றான். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."